பூட்டிக் கிடந்த பாத்றூமும் இராசமலரின் பெருவிரலும்

“இண்டைக்கும் வழுக்குது.”

இராசமலர் விடிய எழும்பினால் முதல் சொல்லும் சொல் இதுதான். “சிவசிவா” கூட இதற்குப் பிறகுதான். குசினிக் குழாயின் வாய்க்குள் வலது கைப் பெருவிரலை விட்டு ஒரு சுற்றுச் சுற்றுவார். வெளியே எடுத்துச் சுட்டுவிரலோடு தேய்ப்பார். மூக்கடியில் பிடித்து மணந்து பார்ப்பார். பிறகு வீட்டில் இருக்கிற ஆறு பெண்பிள்ளைகளுக்கும் கேட்கும்படி அதைச் சொல்லுவார். யாரும் பதில் சொல்வதில்லை. ஆனால் ஒருநாள் அந்தச் சத்தம் வராவிட்டால், “அன்ரிக்குச் சுகமில்லைப் போலை” என்று பிள்ளைகள் குசினிக்குள் எட்டிப் பார்ப்பார்கள்.

இராசமலருக்கு ஐம்பத்தேழு வயது. பிறந்தது பண்டத்தரிப்பில். இப்போது இருப்பது திருநெல்வேலியில், பலாலி வீதியிலிருந்து உள்ளே போகிற ஓர் ஒழுங்கையில், தமையன் நமசிவாயம் கனடாவிலிருந்து கட்டுவித்த மாடி வீட்டில். புருஷன் காலமான பிறகு மகள் வசந்தினி தாயைக் கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போனாள். வெள்ளவத்தையில் நாலாம் மாடி. இராசமலர் அங்கே பன்னிரண்டு நாள் இருந்தார். பதின்மூன்றாம் நாள் யாழ்ப்பாணப் பஸ்ஸில் இருந்தார்.

“அங்கை என்னம்மா குறை?” என்று மகள் கேட்டாள்.

“குறை ஒண்டுமில்லை. துணி காயப்போட்டால் கீழ்வீட்டுக்காரி கத்துறாள். தேங்காய் துருவினால் மேல்வீட்டுக்காரன் கத்துறான். என்ரை எண்டு சொல்ல அங்கை இருந்தது என்ரை ஒரு சோடி செருப்பு. அதையும் வாசலிலை வைக்கவேண்டாம் எண்டு நோட்டீஸ் ஒட்டியிருக்கு.”

நமசிவாயத்துக்கு வேறு கவலை. இவ்வளவு பெரிய வீட்டில் தங்கச்சி தனியே இருக்கிறாள் என்று நினைத்தால் தனக்கு ரொறன்ரோவில் நித்திரை வராது என்றார். கடைசியில் ஓர் உடன்பாடு. கம்பசில் படிக்கிற பிள்ளைகள் வாடகைக்கு இருக்கும்வரை இராசமலரும் வீட்டில் இருக்கலாம். பிள்ளைகள் போய்விட்டால் வீடு பூட்டு, இராசமலர் வெள்ளவத்தைக்கு.

அதனால்தான் ஆறு பிள்ளைகளையும் அவர் கண்ணுக்குள் வைத்துப் பார்த்தார். பார்த்தார் என்றால், ஏசி ஏசிப் பார்த்தார். ஒருத்தி சாப்பிடாமல் போனால் கேற் வரைக்கும் துரத்திக்கொண்டு போய் வாழைப்பழத்தைப் பைக்குள் திணித்து, “மயங்கி விழுந்து எனக்குப் பேர் வாங்கித் தராதை” என்று சொல்லிவிட்டு வருகிற அன்பு அது.

தமையன் போட்ட நிபந்தனை இன்னும் ஒன்று இருந்தது. மேல் மாடியில் கடைசி அறையும் அதோடு சேர்ந்த பாத்றூமும் அவருடையவை. அவரும் பெண்சாதி குணலட்சுமியும் ஊருக்கு வரும்போது மட்டும் திறப்பது. அதிலே இருக்கிற ஷவர் சூட்கேசில் வந்தது. சுளகளவு அகலம். மழை மாதிரி விழும். அதற்குச் சுற்றின பொலித்தீனைக் கூட முழுக்க உரிக்கவில்லை. அவர்கள் கடைசியாக வந்து மூன்று வருடம். இராசமலர் மாதமொருமுறை கதவைத் திறந்து கூட்டி, கண்ணாடியைத் துடைத்து, பூட்டிவிட்டு வருவார். தண்ணீர்க் குழாயைத் தொடவே மாட்டார். பாவித்தால் பழசாகிவிடும் அல்லவா!

சனியன் தை மாதத்தில் தொடங்கியது.

முதலில் தாரிகாவின் வெள்ளைக் கோட்டில் பொட்டுப் பொட்டாகக் கறுப்பு. தாரிகா வல்வெட்டித்துறைப் பிள்ளை, கம்பசில் ஆய்வுகூடப் படிப்புப் படிக்கிறவள், மனதில் பட்டதை நேரே சொல்கிறவள்.

“அன்ரி, துவைச்சு எடுக்கப் போட்டது, துவைக்கப் போடுற மாதிரி வந்திருக்கு.”

பிறகு ஷவரிலிருந்து காய்ந்த பாசி மாதிரிச் சின்னச் சின்னத் துண்டுகள் விழுந்தன. பிறகு மணம். மழையில் நனைந்து ஒரு கிழமை கிடந்த சாக்கு எப்படி மணக்குமோ அப்படி. முகம் கழுவினால் முகத்திலும் அந்தச் சாக்கு. இராசமலர் குழாய்க்குள் விரலை விட்டது அன்றைக்குத்தான். உள்ளே வழுவழுவென்று, வெண்டிக்காய் வெட்டின கத்தி மாதிரி.

அவர் சும்மா இருக்கவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மொட்டைமாடிக்கு ஏறித் தண்ணீர்த் தாங்கியைக் கழுவினார். அடுத்த கிழமையும் கழுவினார். அதற்கடுத்த கிழமை தாங்கிக்குள்ளேயே இறங்கி நின்று கழுவினார். வெளியே வர முடியாமல் அரை மணித்தியாலம் உள்ளேயிருந்து கூப்பிட்டார். கீழே இருந்த பிள்ளைகளுக்குச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்றே தெரியவில்லை. தாங்கி பளிங்கு மாதிரி ஆனது. குழாய் வழுக்கினபடிதான் இருந்தது.

அடுத்தது துணி. புருஷனின் பழைய வேட்டியைக் கிழித்து ஒன்பது குழாய்க்கும் வாய்க்கட்டுக் கட்டினார். நாலு நாள் தண்ணீர் கண்ணாடி மாதிரி வந்தது. ஐந்தாம் நாள் அவிழ்த்துப் பார்த்தால் துணி, துணி மாதிரியே இல்லை.

“வடிகட்டி எண்டு நினைச்சுக் கட்டினியள் அன்ரி,” என்றாள் தாரிகா. “கிருமியளுக்கு மெத்தை தைச்சுக் குடுத்திருக்கிறியள்.”

“உனக்கு வாய் கூடிப்போச்சு. அந்த மெத்தையைக் கழட்டு.”

குழாய் வேலை செய்கிற சுதாகரனைக் கூப்பிட்டார். சுதாகரன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து, சுவரை இரண்டு தட்டுத் தட்டி, தலையை ஆட்டினான்.

“லைன் மாத்தோணும் அக்கா.”

சுதாகரன் எதற்கும் அதைத்தான் சொல்லுவான். போன வருடம் கிணற்று மோட்டர் சத்தம் போட்டபோதும் அதையே சொன்னான். மோட்டருக்குள் ஓணான் இருந்தது.

“லைன் மாத்துறதெண்டால் என்ன செய்யோணும்?”

“சுவர் முழுக்க உடைக்கோணும். ரைல்ஸ் எல்லாம் போகும். ஒரு ரண்டு மாதம் பிள்ளையளை வேறை எங்கையும் இருக்கச் சொல்லுங்கோ.”

“நீ போயிட்டு வா தம்பி. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ. ஆனால் போ.”

கிணற்றுக்குப் போடச் சொல்லிச் சுகாதாரப் பரிசோதகர் தந்த பிளீச்சிங் பவுடர் அலுமாரிக்கு மேலே கிடந்தது. அவரிடமே போய்த் தாங்கிக்கு எவ்வளவு என்று அளவு கேட்டு வந்து போட்டார். வீடு ஆஸ்பத்திரி மாதிரி மணத்தது. தேத்தண்ணி வாயில் வைக்கமுடியவில்லை. ஆனால் வழுக்கல் போய்விட்டது! எட்டு நாள் இராசமலர் ராணி மாதிரி நடந்தார். ஒன்பதாம் நாள் விடியப் பெருவிரலை விட்டார்.

“இண்டைக்கும் வழுக்குது.”

அன்று பின்னேரம் ஆறு பிள்ளைகளும் சேர்ந்து குசினி வாசலில் வந்து நின்றார்கள். ஆறு பேர் ஒன்றாக வந்தால் நல்ல செய்தியாக இருக்காது என்று இராசமலருக்குத் தெரியும். தேங்காயைத் துருவிக்கொண்டே நிமிராமல் கேட்டார்.

“என்ன, ஊர்வலம்?”

“கோவிக்காதேங்கோ அன்ரி,” என்றாள் தாரிகா. “எல்லாருக்கும் தலை கடிக்குது. ரண்டு பேருக்கு உடம்பெல்லாம் சொறி. றஜனி அன்ரி வீட்டிலை மூண்டு றூம் கிடக்காம். வாற வெள்ளிக்கிழமை வரைக்கும் பாக்கிறம். சரிவராட்டில்…”

றஜனி இரண்டு வீடு தள்ளி இருக்கிறவர். அவரும் பிள்ளைகளை வைத்திருக்கிறவர். முந்தின நாள்தான் தன் கேற்றில் ‘அறைகள் உண்டு’ என்ற பலகைக்குக் கீழே ‘சுத்தமான தண்ணீர்’ என்று புதிதாக எழுதுவித்திருந்தார். அந்தப் பெயின்ற் இன்னும் காயவில்லை.

இராசமலர் தேங்காய்ப் பாதியைக் கீழே வைத்தார். “வெள்ளிக்கிழமை தானே? இண்டைக்குச் சனி. ஆறு நாள் கிடக்கு. போய்ப் படியுங்கோ.”

செய்தி எப்படித்தான் போனதோ, அரை மணித்தியாலத்தில் வசந்தினி போன் எடுத்தாள்.

“அம்மா, நான் உங்களுக்கு அறை ஒதுக்கி வைச்சிட்டன்.”

“எந்த அறை?”

“போனமுறை இருந்த அறைதான்.”

“அது அறையில்லை பிள்ளை. அயன் பண்ணுற மேசை வைக்கிற இடம். அந்த மேசையை அங்கையே வை.”

போனை வைத்துவிட்டு இராசமலர் நேரே தாரிகாவின் அறைக்குப் போனார். “இஞ்சை பார், நீ கிருமி படிக்கிறனி. எட்டு நாள் செத்துக் கிடந்தது ஒன்பதாம் நாள் என்னெண்டு எழும்பினது? எனக்கு விளங்கிற மாதிரிச் சொல்லு. படத்தைக் காட்டாதை.”

தாரிகா புத்தகத்தை மூடினாள். “அதுகள் சாகேல்லை அன்ரி. தண்ணியிலை மிதக்கிற கிருமி கொஞ்சம்தான். மற்றதெல்லாம் பைப்பின்ரை உள்பக்கத்திலை ஒட்டிக்கொண்டு, தங்கடை சளியாலையே மேலை ஒரு கூரை போட்டு, அதுக்குக் கீழை குடும்பம் குடும்பமாய் இருக்குதுகள். நீங்கள் போட்ட பிளீச்சிங் கூரைக்கு மேலாலை ஓடிப் போயிட்டுது. உள்ளை இருக்கிறதுக்குப் படேல்லை. பேந்து அதுகள் வெளியிலை வந்து மற்ற இடமெல்லாம் பிடிக்குதுகள்.”

“பங்கர்.”

“என்னன்ரி?”

“பங்கர் அடிச்சிருக்குதுகள் எண்டு சொல்லன். அதுக்கு ஏன் இவ்வளவு வளைச்சுக் கதைக்கிறாய்? நாங்களும்தான் பனங்குத்தி அடுக்கி மண்மூடை போட்டு, பதினொரு பேர் உள்ளை இருந்தனாங்கள். மேலை குண்டு விழுந்தது. உள்ளை எங்களுக்கு ஆர் காலை நீட்டுறது எண்டுதான் சண்டை.”

தாரிகாவுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. இராசமலர் அதைக் கவனிக்கவில்லை. அவருக்கு வழி பிடிபட்டுவிட்டது. அடிப்பிடித்த சட்டிக்குச் சோப் தண்ணீரை ஊற்றிவிட்டுப் போய்ப் படுத்தால் சட்டி கழுவுப்படுமா? முதலில் தும்பு போட்டு உரஞ்ச வேண்டும். கூரையைப் பிரித்துவிட்டுத்தான் மருந்து.

“கேத்திலுக்குள்ளை வெள்ளைக் கல்லுப் பிடிக்குதெல்லோ அன்ரி, எங்கடை தண்ணியிலை இருக்கிற சுண்ணாம்பு? அது பைப்புக்குள்ளையும் இருக்கும். அந்தச் சொரசொரப்பிலைதான் உதுகள் பிடிச்சு நிக்கிறது.”

“அப்ப கேத்திலுக்குச் செய்யிறதையே செய்வம். வினாகிரி.”

“மேலை பூட்டின பாத்றூம்?”

“அது ஒருத்தரும் தொடாதது பிள்ளை. பாவிச்சால்தானே ஊத்தைப்படும்? அதை விடு.”

தாரிகா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். இராசமலர் அதற்குள் சுதாகரனுக்குப் போன் எடுத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வேலை தொடங்கியது. குழாய் வாய்களையும் ஷவர்த் தட்டுகளையும் கழற்றி வினாகிரி வாளிக்குள் போட்டார்கள். தாங்கியிலிருந்து பின்சுவரோடு நேரே கீழே இறங்குகிற பெரிய குழாய்தான் முக்கியம். அதன் கீழ்நுனியைச் சுதாகரன் வெட்டித் திறந்தான். இராசமலர் பழைய மெத்தைக்குள்ளிருந்து ஸ்பொஞ்சைப் பிடுங்கி, குழாயளவுக்குக் கொஞ்சம் தடிப்பாக உருட்டிக்கொண்டு மேலே ஏறினார்.

“அக்கா, இது பைப். சட்டியில்லை,” என்று கீழேயிருந்து கத்தினான் சுதாகரன்.

“உள்ளுக்கு ஊத்தை பிடிச்சால் எல்லாம் சட்டிதான். நீ கீழை நிண்டு பார்.”

ஸ்பொஞ்சை மேல்வாயில் அடைத்து, தாங்கியின் தண்ணீரை முழுவேகத்தில் திறந்துவிட்டார். ஒன்றும் நடக்கவில்லை. சுதாகரன் குனிந்து குழாயின் நுனிக்கு நேரே முகத்தைப் பிடித்தான்.

“ஒண்டும் வரேல்லை அக்கா. நான் சொன்னனான்தானே, லைன் மாத்—”

வந்தது. ஸ்பொஞ்சு அவன் நெற்றியில், விபூதி பூசுகிற இடத்தில் பட்டுத் தெறித்தது. பின்னாலேயே பழுப்பும் கறுப்புமாக ஒரு கூட்டம் வெளியேறியது. கோழிக் குடல் மாதிரி நீள நீளமாக. சுதாகரன் முகத்தை ஒரு கையால் வழித்துவிட்டு, மிகவும் மரியாதையாகச் சொன்னான்.

“வந்திட்டுதக்கா.”

அதற்குப் பிறகு அவன் அன்று முழுக்க லைன் மாற்றுகிற கதையே எடுக்கவில்லை. ஒவ்வொரு கிளையாகத் திறந்து, மோட்டரையும் போட்டு, வேகத்தால் அடித்துக் கழுவினார்கள். நடுவில் சுதாகரனுக்கு ஒரு புத்தி வந்தது. மிச்ச வினாகிரியையும் பிளீச்சிங்கையும் ஒன்றாகவே தாங்கிக்குள் ஊற்றினால் ஒரே தரத்தில் வேலை முடிந்துவிடுமே என்று வாளியைத் தூக்கினான். தாரிகா போட்ட சத்தத்தில் முன்வீட்டு நாய் குரைத்தது.

“வையுங்கோ அதை! ரண்டையும் கலந்தால் நஞ்சுப் புகை வரும். எல்லாரும் மூச்சடைச்சுச் சாகிறதோ?”

“தம்பி, நீ வாளியைத் தொடாதை,” என்றார் இராசமலர். “நீ பைப்பைப் பிடி. உனக்கு அதுதான் பொருத்தம்.”

வினாகிரியில் ஊறினவற்றை நல்ல தண்ணீரில் அலசிப் பூட்டிய பிறகுதான், திங்கள் காலையில் பிளீச்சிங். கரைத்து, அடைய விட்டு, தெளிவை மட்டும் தாங்கிக்குள் ஊற்றினார்கள். ஒவ்வொரு குழாயாகத் திறந்து மணம் வரும்வரை விட்டு மூடினார்கள். பிள்ளைகள் கம்பசுக்குப் போயிருந்த அந்தப் பகல் முழுக்க மருந்து குழாய்க்குள்ளேயே நின்றது. பின்னேரம் எல்லாவற்றையும் திறந்துவிட்டு, மணம் அடங்கும்வரை கழுவி ஊற்றினார்கள்.

செவ்வாய் விடிய இராசமலர் பெருவிரலை விட்டார். கிறீச் என்றது. புதுப் பீங்கான் கோப்பையைத் தேய்த்த மாதிரி. ஒன்பது குழாயும் கிறீச். பிள்ளைகள் கைதட்டினார்கள்.

புதன் விடியக் குசினி கிறீச். கீழ் பாத்றூம் கிறீச். மேல்மாடியில் கைகழுவுகிற பேசின்… இராசமலர் விரலை எடுத்தார், தேய்த்தார், மணந்தார். ஒன்றும் சொல்லவில்லை. அந்தச் சத்தம் வராததால் தாரிகாதான் பயந்து மேலே ஓடி வந்தாள்.

“வழுக்குதோ அன்ரி?”

“மெல்லிசாய். மற்ற ஒண்டிலையும் இல்லை. இதிலை மட்டும்.”

எறும்பு எங்கிருந்து வருகிறது என்று பார்க்க, சீனிப் போத்தலைப் பார்த்துக்கொண்டு நின்று பிரயோசனமில்லை. வரிசையைப் பின்பக்கமாகப் பிடித்துப் போகவேண்டும். இராசமலர் பேசினைப் பார்த்தார். பேசினின் குழாய் சுவருக்குள் போவதைப் பார்த்தார். சுவரோடு சுவராகக் கண்ணை நகர்த்தினார். கண் போய் நின்ற இடத்தில் ஒரு கதவு இருந்தது. கதவில் பூட்டு இருந்தது.

“அண்ணையின்ரை பாத்றூம்.”

“அண்டைக்கு அதைத்தான் சொல்ல வந்தனான்,” என்றாள் தாரிகா. “ஓடுற தண்ணியிலை இதுகளுக்குப் பெரிய வசதி இல்லை. நிக்கிற தண்ணிதான் சொர்க்கம். எத்தினை நாள் நிக்குது?”

“நாளோ? மூண்டு வருசம்.”

தாரிகா கண்ணை மூடிக்கொண்டாள்.

இராசமலர் அறைக்குப் போய்த் திறப்பை எடுத்துக்கொண்டு வந்தார். கதவுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். திறந்தால் அண்ணை கோவிப்பார். அண்ணை ஒருமுறை கோவித்தால் பிறகு சமாதானமாவதற்கு இரண்டு திருவிழா போகும். திறக்காவிட்டால் வெள்ளிக்கிழமை வரும். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு வெள்ளவத்தை வரும். அயன் மேசை வரும். திறப்பைப் பூட்டுக்குள் விட்டார்.

அந்தச் சுளகுஷவரின் பிடியைத் திருப்பினார். முதலில் ஒன்றுமில்லை. பிறகு சுவருக்குள் யாரோ இருமினார்கள். பிறகு வயிறு முட்டச் சாப்பிட்டவன் விடுகிற மாதிரி ஒரு பெரிய ஏவறை. அதற்குப் பிறகு, விளிம்பில் மிஞ்சியிருந்த பொலித்தீனையும் இழுத்துக்கொண்டு, ஷவரின் நூறு ஓட்டையாலும் ஒடியல் கூழ் மாதிரி ஒன்று கொளகொளவென்று விழுந்தது. நண்டுக்கால் மட்டும்தான் குறை. மணம் வந்தபோது தாரிகா யன்னலுக்கு ஓடினாள்.

சரியாக அந்த நேரம் பார்த்து இராசமலரின் போன் அடித்தது. நமசிவாயம். ஒவ்வொரு நாளும் இங்கே விடிந்து அங்கே படுக்கப்போகிற நேரத்தில் அவர் வீடியோவில் வருவார்.

“என்ன மலர், சுகமோ? அது ஆற்றை பாத்றூம்? … எடி, அது என்ரை பாத்றூமெல்லே! அதை ஏன் திறந்தனி?”

“அண்ணை, உங்கடை ஷவரிலை மழை மாதிரி விழுமெண்டு சொன்னனீங்கள். விழுது. பாருங்கோ.”

போனைத் திருப்பி ஷவருக்கு நேரே பிடித்தார்.

“உதென்ன உது?”

“உங்கடை மூண்டு வருசத் தண்ணி. இதுக்குள்ளை குடியிருந்து, பெத்துப் பெருகி, வீடு முழுக்கப் பரவியிருக்கு. என்ரை பிள்ளையள் வெள்ளிக்கிழமை வெளிக்கிடப் போறாளவை.”

“சரி, கழுவிப்போட்டுப் பூட்டு. நாங்கள் ஆவணியிலை வந்து பாக்கிறம்.”

“பூட்டினால் திரும்பவும் உதுதான் அண்ணை. ஒவ்வொரு நாளும் தண்ணி ஓடோணும். ஆரும் குளிக்கோணும்.”

“ஆரோ குளிச்ச பாத்றூமிலையோ நாங்கள் வந்து குளிக்கிறது? உனக்கென்ன விசரே?”

இராசமலர் பதில் சொல்ல முன்னம் திரையில் இன்னொரு தலை வந்தது. தலைக்கு எண்ணெய் வைத்துத் துவாய் சுற்றியிருந்த குணலட்சுமி.

“மச்சாள், அதை ஒருக்கால் கிட்டப் பிடியுங்கோ.”

இராசமலர் கிட்டப் பிடித்தார். நல்ல வெளிச்சத்தில், ஓர் அவசரமும் இல்லாமல், ஒரு நீளத் துண்டு ஷவரிலிருந்து இறங்கி ஆடியது.

“இதுக்குள்ளையோ,” என்று குணலட்சுமி மெதுவாகத் தொடங்கினார், “நான் போனமுறை வந்து ரண்டு கிழமை தலைமுழுகினனான்? அதுக்கு முதலும் நாலு வருசம் பூட்டித்தானே கிடந்தது. எனக்குத் தலை கடிச்சுக் கடிச்சு, இஞ்சை வந்து டொக்டரிட்டையும் போய்… நீங்கள் என்ன சொன்னனீங்கள்?”

கேள்வி நமசிவாயத்துக்கு.

“நான் என்ன சொன்னனான்?”

“மலரின்ரை சீயாக்காய் ஒத்துக்கொள்ளேல்லை எண்டு சொன்னனீங்கள். நானும் அவவோடை ஆறு மாதம் கதையாமல் இருந்தன்!”

அந்த ஆறு மாதத்துக்குக் காரணம் என்னவென்று இராசமலருக்கு அன்றைக்குத்தான் தெரியும். திரைக்குள் புருஷனும் பெண்சாதியும் ஒருவரையொருவர் பார்த்துக் கதைக்கத் தொடங்க, போன் ஒரு மேசையில் முகட்டைப் பார்த்தபடி கிடந்தது. இராசமலர் பொறுமையாகக் காத்து நின்றார். கடைசியில் நமசிவாயத்தின் முகம் திரும்ப வந்தது. கொஞ்சம் சின்னதாகியிருந்தது.

“சரி. பிள்ளையள் பாவிக்கட்டும். ஆனால் அந்த ஷவரின்ரை பொலித்தீனைக் கவனமாய்—”

“அது கூழோடை போயிட்டுது அண்ணை.”

அன்று சுதாகரனை ஆள்விட்டுக் கூப்பிட்டார்கள். நெற்றிக்கு முன்னெச்சரிக்கையாக ஹெல்மெற்றோடு வந்தான். ஷவரைக் கழற்றி வினாகிரியில் போட்டு, அந்தக் கிளையை அடித்துக் கழுவி, வியாழக்கிழமை வீடு முழுவதற்கும் திரும்ப ஒரு பகல் மருந்து. இந்தமுறை பத்துக் குழாய்.

வெள்ளி விடிய இராசமலர் பெருவிரலை விடவில்லை. ஆறு பிள்ளைகளையும் வரிசையில் நிற்க வைத்தார்.

“நான் சொன்னால் அன்ரி பொய் சொல்லுறா எண்டு நினைப்பியள். நீங்களே விட்டுப் பாருங்கோ.”

ஆறு பெருவிரல், பத்துக் குழாய். அறுபது கிறீச். கடைசியாக மேல் பேசினில் தாரிகா விட்டாள். தேய்த்தாள். இராசமலரைப் போலவே மணந்தும் பார்த்தாள்.

“பிடிக்குதன்ரி. வழுக்கேல்லை.”

அதற்குப் பிறகு றஜனி வீட்டு அறைகளைப் பற்றி ஒருத்தியும் வாயே திறக்கவில்லை. ஏனென்றால் அவர்களுக்கு அப்போது வேறு சண்டை: மழை ஷவரில் முதல் குளிப்பது யார்? துவாயோடு ஆறு பேரும் கதவடியில் நின்று இழுபறிப்பட்டார்கள். இராசமலர் கொப்பித் தாளைக் கிழித்து முறை எழுதிக் கதவில் ஒட்டினார். ஒரு நாளைக்கு ஒருத்தி. குளிக்க முதல் ஐந்து நிமிடம் தண்ணீரை ஓடவிட வேண்டும். முறை தவறினால் அடுத்த கிழமை பறிபோகும். பிள்ளைகள் லீவில் வீட்டுக்குப் போன நாள்களில் முறை யாருக்கு என்று அதில் எழுதவில்லை. அந்த நாள்களில் ஒவ்வொரு காலையும் இராசமலர் தேசிக்காயும் சீயாக்காயும் கொண்டு மேலே போய், அரை மணித்தியாலம் கழித்து, தலையில் துவாயும் முகத்தில் ஒரு மாதிரியான அமைதியுமாக இறங்கி வருவார். வீடு திறந்துதான் கிடக்கிறது. வசந்தினி இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள், “எப்பம்மா வாறியள்?” என்று.

“எனக்கு நேரமில்லை பிள்ளை. நான் குளிக்காட்டில் கிருமி வந்திடும்.”

பத்து நாள் கழித்துப் பின்கேற்றைத் திறந்துகொண்டு றஜனி வந்தார். கையில் ஒரு தட்டு அரியதரம். கதிரை நுனியில் இருந்தார். மழையைப் பற்றிக் கதைத்தார். தங்கச்சியின் கலியாணத்தைப் பற்றிக் கதைத்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“மலரக்கா, உங்கடை விரலை ஒருக்கால் எங்கடை வீட்டுக்குக் கொண்டு வாறியளோ?”

“ஏன், கேற்றிலை வடிவாய் எழுதியிருக்கே, சுத்தமான தண்ணீர் எண்டு?”

“அதை அழிச்சுப் போட்டனக்கா.”

இராசமலர் ஓர் அரியதரத்தை எடுத்துக் கடித்தார். “பூட்டின பாத்றூம் எத்தினை?”

“ரண்டு. ஒண்டு லண்டன். மற்றது சுவிஸ்.”

“ரண்டு திறப்பையும் எடுத்து வையும். வாறன்.”

அன்று தொடங்கியது, இன்னும் நிற்கவில்லை. கீரிமலையில் யாத்திரீகர் தங்குகிற ஒரு மடத்துக்குப் போய் வந்துவிட்டார். பண்டத்தரிப்பில் சொந்தக்காரர் வீடு நாலு முடிந்துவிட்டது. எந்த வீட்டுக்குப் போனாலும் தேத்தண்ணிக்கு முதல் குழாய்க்குள் விரல். விரலுக்குப் பிறகு அதே கேள்வி. மேல்மாடி கட்டும்போது உதவும் என்று சுவருக்குள் விட்டு நுனியை மூடி வைத்திருக்கிற குழாயையும் அவர் விடுவதில்லை. “மாடி வரேக்கை வரட்டும். இப்ப இதை அடியோடை வெட்டு,” என்பார். வெட்டுவதற்குச் சுதாகரன் பின்னால் நிற்பான், ஹெல்மெற்றோடு.

உங்கள் வீட்டுத் தண்ணீரிலும் சாக்கு மணம் வந்தால், குழாய்க்குள் விரல் வழுக்கினால், தாங்கியைக் கழுவிக் கழுவி இடுப்பை முறிக்கவேண்டாம். ஒருநடை திருநெல்வேலிக்குப் போய் இராசமலரைப் பாருங்கள். பலாலி வீதியில் இறங்கி, பெருவிரல் அன்ரி வீடு எது என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள். காலையில் போகாதீர்கள், குளித்துக்கொண்டிருப்பார். பின்னேரம் போங்கள். ஏச்சு விழும், பேசாமல் கேட்டுக்கொள்ளுங்கள். கையில் பழம் பலகாரம் ஒன்றும் கொண்டுபோக வேண்டாம். கனடாக்காரருக்கோ லண்டன்காரருக்கோ நீங்கள் பூட்டி வைத்திருக்கிற பாத்றூமின் திறப்பை மட்டும் மறக்காமல் கொண்டுபோங்கள். இல்லையென்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அவர் நம்பமாட்டார்.